பிளாக்கில் நான் போட்ட அடையாளம்

எனக்குச் சந்தேகம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் மல்லிகை வாங்கினால்கூட முழம் போடுகிறவரின் கையைத்தான் பார்ப்பேன், பூவைப் பார்க்க மாட்டேன். "உங்ககிட்ட ஒருத்தர் சிரிச்சுப் பேசுனாலே தப்புங்க" என்பாள் என் மனைவி. ஹனூர்ப் பக்கத்துக்காரி, எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

ஆகவே என் பைக் புகைவிட ஆரம்பித்தபோது நான் சந்தேகப்பட்டது இன்ஜினை அல்ல, மெக்கானிக்கை. பன்னிரண்டு வருடமாக அவரிடம்தான் வண்டியை விடுகிறேன். கொள்ளேகால் தமிழர், வாய்க்கு வாய் அண்ணா என்பார். ஆறு மாதத்துக்கு முன்பு, பிஸ்டனும் அது ஓடுகிற சிலிண்டர் பிளாக்கும் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும் என்று சொன்னார். சாமானை நானே வாங்கித் தருகிறேன் என்றேன்.

வாங்கியதோடு நான் விடவில்லை. ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் எனக்கு வேலை. உள்ளே வருகிற எந்தச் சாமானையும் அடையாளம் போடாமல் நாங்கள் வெளியே விடுவதில்லை. கை அப்படியே பழகிப்போய்விட்டது. புது பிளாக்கை வீட்டில் பிரித்து, கோடு கீறும் ஊசியால் அதன் உள்சுவரில் கீழிருந்து மேலாக அழுத்தி ஒரு கோடு இழுத்தேன். குறுக்கே இன்னொன்று. வெளிப்பக்கம் போட்டால் அதே மாதிரி வேறொரு பழைய பிளாக்கில் போட்டு ஏமாற்றிவிடலாம் அல்லவா? உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

மெக்கானிக் பார்த்துவிட்டார். பிளாக்கைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று மதியமே போன் வந்தது.

"அண்ணா, பிளாக்குக்குள்ள ஒரு கீறல் இருக்குதுணா. கடையில குடுத்து மாத்திட்டு வந்துருங்க."

என் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டான், அதனால்தான் இந்த பிளாக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"பரவாயில்லப்பா, அதையே போடு."

"பேடணா, வேண்டாம். இது சரிவராது."

"நான் சொல்றேன்ல, போடு."

போட்டுக் கொடுத்தார். சில மாதம்தான். பிறகு ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பின்னால் நீலப்புகை. சிக்னலில் எனக்குப் பின்னே நின்ற பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடினார்கள். இன்ஜின் ஆயில் எங்கே போகிறது என்றே தெரியாமல் குறைந்தது. எனக்கு வேறு யோசனையே வரவில்லை. என் பிளாக்கை எடுத்துக்கொண்டு எவனுடைய பழைய பிளாக்கையோ மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். கேன்டீனில் எல்லோரிடமும் சொன்னேன். அதைக் கேட்டு இரண்டு பேர் தங்கள் வண்டியை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இன்ஜினை நானே திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அடையாளம் இல்லையென்றால், அந்த பிளாக்கைக் கொண்டுபோய் நாலு பேர் முன்னால் அவர் கடையில் வைத்துக் கேட்பேன். எப்படிக் கேட்பது என்பதைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். செல்போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். போல்ட்டுகள் கலந்துவிடக் கூடாதென்று பழைய இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தேன். "இனி அந்தத் தட்டு வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்க" என்றாள் மனைவி. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும், இதுவும் பழசோ என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மேலே இருந்த ஹெட்டை எடுத்ததும் ஒரே கரி. உள்ளே டைமிங் செயின் விழுந்துவிடாமல் கம்பியால் கட்டிவிட்டு, பிளாக்கை மெதுவாக மேலே உருவினேன். பழைய வேட்டித் துணியால் அதன் உட்புறத்தைத் துடைத்தேன்.

அடையாளம் இருந்தது. ஒரு கோடு, அதன் குறுக்கே ஒன்று. என் கைதான்.

சுவர் முழுக்கப் பளபளவென்று இருக்க, அந்தக் கோடு மட்டும் கறுத்துக் கிடந்தது. விரலை வைத்தால் நகம் மாட்டியது. பிஸ்டனின் ரிங் வழித்துவிட வேண்டிய ஆயில், அந்தப் பள்ளம் வழியாகவே மேலே ஏறி எரிந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"ஏனுங்க, இருக்குதா இல்லீங்களா?" என்று வாசலுக்கு வந்தாள் மனைவி.

"இருக்கு."

"அப்ப நல்லதுதானுங்க? ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

அந்த நேரத்திலும் என் புத்தி, மெக்கானிக்கே ஊசியை எடுத்து அதை ஆழமாக்கியிருப்பாரோ என்றுதான் ஓடியது. அப்படி ஓடியதை நானே பார்த்தபோது கூசிப்போனேன். விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த மனுசன் அன்னிக்கே போன் பண்ணுனாருங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் புது பிளாக் ஒன்றும் பிஸ்டனும் வாங்கினேன். பழைய பிளாக்கையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் அவர் கடைக்குப் போனேன். எப்போதும் ஏழெட்டு வண்டி நிற்கும் இடம். அன்று ஒரே ஒரு ஸ்கூட்டர்தான் நின்றது.

"அந்தக் கீறல் நான் போட்டதுப்பா" என்றேன்.

"தெரியும்ணா. கடைக்காரன் எதுக்குணா குறுக்குக் கோடு போடப்போறான்?"

"தெரிஞ்சும் ஏன் மாட்டினே?"

"நீங்கதானே போடுன்னீங்க."

கேன்டீனில் பேசியதையும் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதுவும் முன்பே அவர் காதுக்குப் போயிருக்கிறது.

புது பிளாக்கை உறையிலிருந்து எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு டூல்ஸ் தட்டிலிருந்து கோடு கீறும் ஊசி ஒன்றைத் தேடி எடுத்து, பிளாக்கோடு சேர்த்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இந்தத் தடவை வெளிப்பக்கம் போட்டுக்குங்கணா. இன்ஜினாவது நல்லாயிருக்கும்."

சொல்லிவிட்டு ஸ்கூட்டர் பக்கம் போய்க் குனிந்துகொண்டார்.