உள்ளங்கையில் காயாத பெற்றோல்

1926ஆம் ஆண்டு இலங்கையில் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், உதவி நிர்வாகியான வெள்ளைக்காரச் சின்னத்துரையின் காரைப் பார்த்துக்கொண்டவர் பொன்னையா. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அவரை ‘டிரைவர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்றோலில் அவர் பெயர் கூலிகளோடு கூலியாக இருந்தது. காரைக் கழுவுவது, காலையில் எஞ்சினைச் சூடாக்கி வைப்பது, பெற்றோல் ஊற்றுவது, பதுளைக்குப் போய்ச் சாமான் ஏற்றி வருவது, தோட்டத்து லொறியையும் கவனித்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. அவருடைய மனைவி பெரியாயி கொழுந்து பறித்தார். அவர்கள் என் அம்மாவின் தாத்தாவும் பாட்டியும்.

சின்னத்துரைக்கு இருபத்தாறு வயது. சீமையிலிருந்து இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் கார் ஒன்றைக் கப்பலில் வரவழைத்திருந்தார். பசறை றோட்டில் துரைமார்கள் நடத்தும் மலையேற்றப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஜெயித்தால் பொன்னையாவுக்கு ‘இவன் நல்ல டிரைவர்’ என்று இங்கிலீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். பதுளையில் பெற்றோலும் சாமானும் விற்ற பலீல் முதலாளி அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தார்.

“துரைட கையெழுத்தோட வா பொன்னையா. அடுத்த நாளே என்ட லொறிய ஒன்ட கையில தாரேன்” என்று அவர் சொல்லியிருந்தார்.

அந்தக் கடிதம் கிடைத்தால் பதுளையில் ஒரு வாடகை அறை. விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. பெரியாயி மழையில் கூடை சுமக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

பந்தயக் காரில் ஒரு குறை இருந்தது. ஏற்றத்தில் வேகத்தைக் கூட்டினால் எஞ்சினுக்குள், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியதுபோல் ஒரு சத்தம் கேட்கும். சின்னத்துரை வால்வைச் சரிபார்த்தார், ஆணிகளை முடுக்கினார். சத்தம் போகவில்லை.

பெற்றோல் அப்போது தகரங்களில் வந்தது. தோட்டத்து ஸ்டோரில் நீலத் தகரமும் சிவப்புத் தகரமும் இருந்தன. நீலம் மெல்லிசு, விலை கூடியது, துரைமார் காருக்கு. சிவப்பு கொஞ்சம் கனம், வாடையும் அதிகம், லொறிக்கு. எது நல்லது என்று பார்க்க எல்லோருக்கும் ஒரே சோதனைதான் தெரியும். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு ஊதுவார்கள். சில்லென்று உடனே காய்ந்துவிட்டால் நல்ல பெற்றோல். ஈரம் நின்றால் மண்ணெண்ணெய் கலந்த திருட்டுச் சரக்கு. துரையும் அப்படித்தான் பார்த்தார், கணக்கப்பிள்ளையும் அப்படித்தான் பார்த்தார்.

ஒரு நாள் பொன்னையா பந்தயக் காரைப் பதுளைக்கு ஓட்டிப் போயிருந்தபோது டேங்கு வற்றிவிட்டது. பலீல் கடையில் நீலம் இல்லை.

“சிவப்புத்தான் ஈக்கி. துரைட காரு குடிக்குமா?”

“ஊத்துங்க மொதலாளி. வீடு போய்ச் சேந்தாப் போதும்.”

அன்று அந்தக் கார் மலையை மூச்சுக் காட்டாமல் ஏறியது. கூழாங்கல் சத்தம் இல்லை. பொன்னையா நம்பவில்லை. அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் நீலத்தை ஊற்றிப் பார்த்தார், சத்தம் வந்தது. சிவப்பை ஊற்றினார், நின்றது. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தாராம்.

காரணம் இன்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பந்தய எஞ்சின் காற்றையும் பெற்றோலையும் மிகவும் இறுக்கி அமுக்கும். அந்த அமுக்கத்தைத் தாங்காத பெற்றோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடித்து பிஸ்டனின் தலையில் அடிக்கும். தாங்கும் குணத்துக்குப் பிற்காலத்தில் ஆக்டேன் என்று எண் வைத்தார்கள். கையில் சீக்கிரம் காய்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சிவப்புத் தகரத்துச் சரக்கு மெதுவாகக் காயும், ஆனால் அமுக்கத்தைத் தாங்கும். பொன்னையாவுக்கு எண் தெரியாது. காது இருந்தது.

துரையிடம் நேராகப் பேசும் வழக்கம் தோட்டத்தில் இல்லை. கேட்டால் பதில் சொல்லலாம். மற்றதெல்லாம் கணக்கப்பிள்ளை வழியாகத்தான். ஆகவே அவர் கணக்கப்பிள்ளை ராமாமிர்தத்திடம் போனார்.

“ஐயா, அந்தக் காருக்குச் செவப்புத்தாங்க சேருது. தொரைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“என்னான்னு? தொரை, ஒங்க காருக்கு லொறித் தண்ணி ஊத்துங்கன்னா? தொரைக்குப் புத்தி சொல்ல நீ யாரு, அத எடுத்துட்டுப் போக நான் யாரு?”

“காதுல கேட்டேங்கய்யா.”

“காதுல கேட்டியா! மூக்குல என்ன கேட்டுச்சு? போடா, போய்த் தொடச்சு வை காரை.”

பொன்னையா போனார். அங்கேதான் அந்தத் தவற்றைச் செய்தார். தவறு என்று எழுதியபின் யோசிக்கிறேன், வேறென்ன செய்திருக்க முடியும்? நீலத்தை லொறியில் ஊற்றினார். லொறிக்குரிய சிவப்பைக் காரில் ஊற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் கார் சத்தமில்லாமல் ஓடியது. தான் முடுக்கிய ஆணிதான் வேலை செய்தது என்று சின்னத்துரை நினைத்துக்கொண்டார்.

பந்தயத்தன்று காலை, புறப்படும் இடத்தில், பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் முகத்தைச் சுளித்து வாடை பிடித்தார். சின்னத்துரை டேங்கிலிருந்து நாலு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு ஊதினார். ஈரம் நின்றது.

“பொன்னையா! இது என்ன?”

“தொரை, இதுதாங்க இந்தக் காருக்கு...”

மற்றத் துரைமார்கள் சிரித்தார்கள். சின்னத்துரையின் காது சிவந்துவிட்டது. டேங்கைக் காலி செய்து நண்பரின் நீலத் தகரத்தை ஊற்றச் சொன்னார். பொன்னையாவே ஊற்றினார்.

இரண்டாவது வளைவு தாண்டியதும் கூழாங்கல் சத்தம் வந்தது. சின்னத்துரை வேகமிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. நாலாவது வளைவில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து, கார் நீலப் புகையோடு நின்றது. இரண்டு மாடுகள் கட்டி இழுத்து வந்தார்கள்.

மறுநாள் பெரட்டில் இருநூறு பேர் நின்றார்கள். தோட்டத்து நிர்வாகி பெரியதுரையும் வந்திருந்தார். சின்னத்துரை பொன்னையாவை முன்னால் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, ஒரு மாதமாகக் காரில் ஊற்றிய சரக்கை அந்த உள்ளங்கையிலேயே விட்டார்.

“ஊது.”

ஊதினார்.

“காயுதா? எல்லாருக்கும் காட்டு.”

கையை விரித்தபடி வரிசை முன்னால் நடக்க வைத்தார்கள். ஈரம் மினுங்கிய கையை ஆண்கள் வரிசை பார்த்தது, பெண்கள் வரிசை பார்த்தது, பெரியாயியும் பார்த்தார். இதைக் குடித்துக் குடித்துத்தான் எஞ்சின் செத்தது என்று சின்னத்துரை சொன்னார்.

“நல்ல பெற்றோல் எங்கே?”

“லொறியில ஊத்துனேங்க தொரை.”

“ஏன்?”

“அந்த எஞ்சினுக்குச் செவப்புதாங்க. காதுல கேட்டேங்க.”

முதலில் சிரித்தது ராமாமிர்தம். “தொரை பெற்றோல லொறிக்கு ஊத்துனானாம், லொறித் தண்ணிய தொரைக்கு ஊத்துனானாம்! காதுல கேட்டானாம்!” அவருக்கு விஷயம் முன்பே தெரியும். அவர் சிரித்ததும் வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிக்காவிட்டால் அதையும் யாராவது குறித்து வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். உண்மையாகவே சிரிப்பு வந்தும் சிரித்திருக்கலாம்.

அன்றைக்கே செக்றோலில் பெயரை வெட்டினார்கள். டிரைவர் கடிதம் வரவில்லை. பெற்றோல் திருடியவன் என்று பதுளைக்குச் செய்தி மட்டும் போய்விட்டது. பலீல் முதலாளி கடை வாசலில் வைத்தே பேசினார்.

“நான் ஒன்ன நம்புறன் பொன்னையா. ஆனா துரைமார் என்ட கடைக்கு வரணுமே.”

இரண்டு பிள்ளைகளோடு கொஸ்லந்தைப் பக்கம் நடந்தார்கள். வழியில் பெரியாயி கேட்டாராம்.

“என்கிட்டயாவது சொல்லேன்யா. அத யாருக்கு வித்த?”

பொன்னையா சின்னப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பிறகு நாற்பது வருடம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டினார். எந்த வண்டியிலும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ‘காதுல கேட்டேன்’ என்பது எங்கள் வீட்டில் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களைக் கேலி செய்யும் பேச்சாகிவிட்டது. நானும் சின்ன வயதில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். படித்தது இரசாயனம். போன மாதம் அம்மாவிடம் தாளில் எஞ்சின் படம் வரைந்து, அமுக்கம், வெடிப்பு, இரண்டு தகரம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு நல்ல கொள்ளுத்தாத்தா வேண்டும் என்பதற்காகக் கணக்கைச் சாதகமாகப் போடுகிறேனோ என்ற சந்தேகம் எனக்குள்ளேயே இருந்தது. அதனால் இன்னும் சத்தமாக விளக்கினேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“சரிடா. அப்ப அந்த நீலப் பெற்றோல் எங்க போச்சு?”

“லொறிக்குத்தான் ஊத்தினாரு, அம்மா.”

அம்மா என் முகத்தைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.