காலால் பிறந்தவள்

முதுகுவலிக்காகத் திருப்பதியில் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். பக்கத்தில் யாரோ தைலம் பூசியிருந்தார்கள். அந்த வாசனையில் சிறுவயதில் நாங்கள் இருந்த கங்காதர நெல்லூர் வீடு கண்முன் வந்துவிட்டது.

பிறக்கும்போது எனக்குக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று ஊரே நம்பியது. சிறுமியாக இருந்தபோதே எத்தனையோ பேரை மிதித்திருக்கிறேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் கரும்புக் கட்டைத் தூக்கிய நைனா அப்படியே விழுந்துவிட்டார். தைலம் தடவி, குப்புறப் படுக்கவைத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"நல்லா மிதி பாப்பா," என்றார் பெரியப்பா.

நான் காலைத் தூக்கினேன்.

"காலு ரெண்டும் மரத்துக்கினு வருது," என்று நைனா முனகினார்.

அம்மா பாய்ந்து வந்து என்னை இழுத்தாள். பெரியப்பா எதிரில் வாயே திறக்காதவள் அவள். "வேணாம் மாமா! யாரும் தொடாதீங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்."

"எதுனா ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்," என்று அவர் கத்தினார்.

நைனாவைப் பலகையில் கிடத்தி, வேன் பிடித்துச் சித்தூருக்குப் போனோம். நரம்பு நசுங்கியிருக்கிறது, மிதித்திருந்தால் நடையே போயிருக்கும் என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து, மாதக்கணக்கில் சுவரைப் பிடித்து நைனா நடந்து பழகினார். அவர் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் நான் கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொள்வேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் வாய் திறக்கும் முன்பே, "கால் மரக்கல சார்," என்றேன்.