சாயக்காரனால் முடியாத பச்சை

தாமல் ஏரிப் பாசனத்தில் என் அக்காவுக்குச் சிறிய வயல் இருக்கிறது. வருடம் முழுக்க அவள் வீட்டுச் சோறு அதிலிருந்து வர வேண்டும். மாமாவின் தறிக்கூலி மற்றச் செலவுக்கே போதாது.

போன சம்பாவில், பனி இறங்கியதும் இலைகளில் கண் வடிவப் புள்ளிகள் வந்தன. குலை நோய். அது பூஞ்சையால் வருவது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அக்கா ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பயிரு வீக்கா இருக்குதும்மா. இந்த ஹார்மோன் அடி, கூட யூரியா போடு. தானா எழுந்துக்கும்.”

எழுந்தது. நெசவாளியான மாமா வரப்பில் நின்று நிறத்தைத்தான் பார்த்தார்.

“எந்த சாயக்காரனாலயும் இந்தப் பச்சையக் கொண்டாற முடியாது மச்சான்.”

பாட்டிலின் பின்பக்கப் பொடி எழுத்தை நான் படித்தபோது காலம் கடந்திருந்தது. உள்ளே இருந்தது ஜிப்பரலின். அது பயிரை நீட்டி வளர்க்கும் ஹார்மோன். பூஞ்சை இறங்கினால் நெல் சும்மா இருப்பதில்லை. ஜாஸ்மோனிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் என்னும் வேறு ஹார்மோன்கள் அதைத் தற்காப்புக்குத் தூண்டுகின்றன. பூஞ்சையைத் தடுக்கும் பொருள்களைச் செடியே சுரக்கிறது. ஜிப்பரலின் மிகுந்தால் அந்தத் தற்காப்பு தளர்கிறது. அதிக யூரியா பூஞ்சைக்கு விருந்து. எதிரி வாசலில் நிற்கும்போது காவலைக் கலைத்துவிட்டு, அதற்கு வைத்தியம் என்று பெயர் வைத்திருந்தார் கடைக்காரர்.

கதிர் வெளுத்து வந்தது. அதன் கழுத்து கறுத்து ஒடிந்தது. அக்கா ஒரு பிடி கதிரைக் கடைப் பலகையில் போட்டபோது, பத்திரிகையில் வேலை பார்க்கும் நானும் உடன் இருந்தேன்.

“எல்லாம் பனியாலதாம்மா. நான் இன்னா பண்ணட்டும்? கூட பேப்பர்காரர வேற இட்டுக்கினு வந்துட்ட!” கடைக்காரர் சிரித்தார்.

பக்கத்தில் ஒரு விவசாயி. ஒரு கையில் அதே புள்ளி விழுந்த இலை, இன்னொரு கையில் அதே பாட்டில்.

“அண்ணா, அது வளர்த்தி மருந்து. உனக்கு வந்துக்கிறது குலை நோய். பூஞ்சாண மருந்து கேளு,” என்றாள் அக்கா.

“என் யாவாரத்தக் கெடுக்காதம்மா!”

“என் சோத்தக் கெடுத்தியே, அது?”

விவசாயி இருவரையும் பார்த்தார். “நான் யார் பேச்சக் கேக்கறதுபா?”

அக்கா ஒரு கதிரை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். “நசுக்கிப் பாரு.”

அவர் ஒவ்வொரு மணியாக நகத்தால் நசுக்கினார். எல்லாம் பதர். பாட்டிலைப் பலகைமேல் வைத்தார்.

“பூஞ்சாண மருந்து எடு,” என்றார்.