திறக்க மறுத்த ஃபைல்

போன வாரம் மகனின் மடிக்கணினியில் ஏதோ விளையாட்டைத் திறக்கப் போக, ஒரு குட்டிப் பெட்டி வந்து நின்றது. இன்ன ஃபைலைக் காணோமாம். "நெட்ல தட்டுனா வந்துரும்பா" என்று அவன் சிரித்தான். வந்தும் விட்டது. எனக்குத்தான் பழைய தீபாவளி ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

இலங்கையில் யுத்தம் முடியாத நாட்களில் தெரணியகலை பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். சில பழைய மெஷின்கள், மழை பெய்தால் செத்துவிடும் டெலிபோன் லைன், அவ்வளவுதான். காசு போட்டு ஆடும் அந்தக் காலத்துச் சண்டை விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் எமுலேட்டர்தான் எனக்குச் சோறு போட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் பார்த்து அது படுத்துக்கொண்டது. அது ஓடத் தேவையான ஒரு லைப்ரரி ஃபைல் இல்லையாம். விடிந்தால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் புதுச்சட்டையோடு இறங்கி வந்துவிடுவார்கள்.

மழையில் லைன் செத்துக் கிடந்ததால் பஸ் பிடித்து அவிசாவளை டவுனுக்கு ஓடினேன். கூட்டாளியின் மெஷினில் அந்த ஃபைல் இருந்தது. வைரஸ் ஒட்டிக்கொள்ளுமே என்று பென்டிரைவைச் சுத்தமாகத் துடைத்து, அது ஒன்றை மட்டும் ஏற்றிக்கொண்டேன். தொழில் சுத்தம்! அந்தச் சுத்தம்தான் என்னை மாட்டிவிட்டது.

பஸ்ஸில் திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி எல்லோரும் இறங்கினோம். பையில் பென்டிரைவைக் கண்டதும் என்னை வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் இன்னொருவன். கொழும்பில் கடை வேலை, தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போகிறானாம். அவனிடம் அடையாள அட்டையே இல்லை. தோட்டத்து மேனேஜர் துரை எழுதிக் கொடுத்த கடிதத்தை மடியில் வைத்திருந்தான். நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "பயப்படாதீங்கண்ணே, ஒங்கள விட்ருவாங்க. ஒங்ககிட்ட கார்டு இருக்குல்ல" என்றான்.

உள்ளே கூப்பிட்டார்கள். சார்ஜன்ட் பென்டிரைவைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். ஒரே ஒரு ஃபைல். தட்டினார், திறக்கவில்லை. கேம் என்று சொன்னேன். "கேம் எகக் நம் எரென்னே நெத்தே எய்?" விளையாட்டென்றால் ஏன் திறக்கவில்லை? நியாயமான கேள்விதான். அது தனியாகத் திறக்காது, வேறொரு மென்பொருள் கூப்பிட்டால்தான் வேலை செய்யும் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகப் பட்டது. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அன்றைக்கு ஒரு வாக்கியமும் நேராக வரவில்லை. என்னைத் தேடி அம்மா எந்தெந்தப் பொலிஸுக்கு அலைவாளோ என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் பொறி தட்டியது. இதே பெயரில் உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கும், தேடிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? என் மெஷினிலேயே இல்லாமல்தானே இந்த அலைச்சல்! தேடல் ஊர்ந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் திரையில் அதே பெயர் வந்தது.

"அபே எகெத் தியெனவா நே!" தங்களுடையதிலும் இருக்கிறதே என்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பென்டிரைவை நீட்டி, "யன்ன", போகலாம் என்றார்.

பஸ் எனக்காக நின்றிருந்தது. "நகின்ன மல்லி", ஏறு தம்பி என்று கண்டக்டர் கை கொடுத்து ஏற்றினார். இன்னொரு ஆளும் இருக்கிறான் என்றேன். அவர் அவன் உட்கார்ந்திருந்த வாங்கைப் பார்த்தார், மணியை அடித்தார்.

மறுநாள் விளையாட்டு ஓடியது, கடை நிரம்பி வழிந்தது. இப்போது அந்தக் கடையும் இல்லை, எமுலேட்டரும் இல்லை. சாவடி நின்ற இடத்தில் ரம்புட்டான் விற்கிறார்கள். அது ஒழிந்ததில் எனக்குத் துளி வருத்தமில்லை. எனக்குத் தைரியம் சொன்னவன் அந்தத் தீபாவளிக்கு வீடு போய்ச் சேர்ந்தானா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.