வேலாயுதம், எம்.

மலேசியாவில், கிள்ளானில் ஆசிரியை வேலை பார்த்துக்கொண்டே லோகேஸ்வரி ஆறு வருடம் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினாள். முந்நூற்றுப் பத்துப் பக்கம், நானூறு மேற்கோள். அந்த நானூற்றில் அவள் உயிரை வைத்திருந்தது ஒன்றில்தான்: தங்கை மலர் தோட்டத் தொழிலாளிப் பெண்களைப் பற்றி எழுதிய முதுகலை ஆய்வேடு.

மலர் பல்கலைக்கழகம் போகக் கூடாது என்று அப்பா வேலாயுதம் ஒற்றைக் காலில் நின்றார். அனுமதிக் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அவள் அழுது முடித்து, இன்னொரு நகல் வாங்கிக்கொண்டு போய்ப் படித்தாள். பட்டம் வாங்கிய மறு வருடமே சிறுநீரகம் கெட்டுக் கண்ணை மூடினாள். அவள் எழுதியதை இதுவரை ஒருவரும் மேற்கோள் காட்டியதில்லை. மலர் என்ற பெயர் ஒரு நூற்பட்டியலில் அச்சாகி நிற்க வேண்டும், அக்காவின் ஆசை அவ்வளவுதான்.

மேற்கோள்களை அடுக்கித் தரும் மென்பொருளுக்கு வீட்டுக் கதையெல்லாம் தெரியுமா? ‘மலர் ஏ/பி வேலாயுதம்’ என்றால் நமக்கு வேலாயுதத்தின் மகள் மலர். அதற்கோ கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர். ‘வேலாயுதம், எம்.’ என்று போட்டது. படிக்க விடாத மனிதரின் பெயரில் அவள் படிப்பு! லோகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. மென்பொருளுக்குள் போய்த் திருத்தாமல், ஆய்வேட்டின் பட்டியலிலேயே அதை அழித்து ‘மலர்’ என்று தட்டினாள். செய்த தப்பு அதுதான்.

கடைசி நாளில், விட்டுப்போன ஒரு கட்டுரையைச் சேர்த்தாள். மென்பொருள் பட்டியல் முழுவதையும் புதிதாக எழுதிக்கொண்டது. அவள் கவனிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஐந்து பிரதி பைண்டிங் செய்து, நான்கைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட்டு, ஒன்றை அம்மா வள்ளியம்மாவிடம் கொண்டுபோனாள்.

வள்ளியம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“சின்னவ பேரு எங்கடி இருக்கு?”

லோகேஸ்வரி பக்கங்களைப் புரட்டினாள். ‘எம்’ வரிசையில் மலர் இல்லை. ‘வி’ வரிசையில் வேலாயுதம் இருந்தார். அம்மாவின் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தாள்.

“என்னா போட்டிருக்கு? படி லா.”

“மலர்னு போட்டிருக்கும்மா.”

“உங்கப்பன் பேரு இல்லதானே?”

“இல்லம்மா.”

வள்ளியம்மா குனிந்து, வேலாயுதம் என்றிருந்த இடத்தில் முத்தம் கொடுத்தாள்.