காருக்குப் போட்ட பந்தல்

என் கையெழுத்தைப் படிக்கிறவர்களை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. சாக்குத் தைக்கும் ஊசியைப் பிடித்துப் பழகிய விரல்கள் பேனாவுக்கு மடங்க மாட்டேன் என்கின்றன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர, பெரிய ற இடம் மாறிக் கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு எழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மருமகனின் காரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். நான் உப்பளத்தில் மூடை தைக்கிறவன். வெயில் என்றால் என்னவென்று எங்கள் இரண்டு பேரில் யாருக்குத் தெரியும் என்பதை விட்டுவிடுவோம். வெயிலைப் பற்றி அதிகம் பேசுகிறவர் அவர்தான். அதுவும் தனக்காக அல்ல, காருக்காக.

காரை எங்கே நிறுத்தினாலும் அவருக்கு ஒரு பூசை உண்டு. முதலில் முன் கண்ணாடிக்கு வெள்ளி போல மினுங்கும் மடிப்பு அட்டையை விரிப்பார். உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் எப்படிக் கண்ணைக் குத்துமோ, அதுவும் அப்படியே குத்தும். பிறகு பக்கக் கண்ணாடிகளுக்குக் கறுப்பு வலை. வலையில் இருக்கும் ரப்பர் மூக்குகளை ஒவ்வொன்றாக நாக்கில் நக்கி ஈரமாக்கி ஒட்டுவார். படித்த மனிதர், நடுத்தெருவில், நாக்கை நீட்டிக்கொண்டு. கடைசியில் ஸ்டீயரிங்குக்கு ஒரு பூத்துண்டைப் போர்த்துவார். அதுவரை என் மகள் பையும் கையுமாக வெயிலில் நின்று, அவர் சொல்லும் மூலையைப் பிடித்துக் கொடுப்பாள். வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் அப்படித்தான் நின்றாள்.

அவர் வீட்டில் வளைகாப்பு நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வர வேண்டும். நாங்கள் கொண்டுபோன சோற்றுப் பாத்திரங்களைக் கழுவிக் கட்டிவிட்டு நானும் என் மனைவியும் கிளம்பி நின்றோம். அப்போது மருமகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாரா வாரம் அவளைப் பார்க்க வர வேண்டியிருக்குமாம். எங்கள் தெருவில் ஒரு துண்டு நிழல் கிடையாதாம். நாள் முழுக்க வெயிலில் நின்றால் வண்டிக்குள் ஸ்டீயரிங்கை ஒட்டிய பலகை வெடித்துவிடுமாம். அதனால் பிரசவம் வரை அவள் இங்கேயே இருக்கட்டும் என்றார். மாப்பிள்ளை சொன்னால் மறுத்துப் பேசுவது எங்கள் வீடுகளில் இல்லை. நான் தலையாட்டினேன். பஸ்ஸில் காலிப் பாத்திரங்களோடு வந்தோம். என் மனைவி மாப்பிள்ளையூரணி ஸ்டாப் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே சவுக்குக் கம்பும் தென்னங்கிடுகும் வாங்கி வந்து வாசலில் பந்தல் போட்டேன். காருக்கு. அதைக் கட்டும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் மகள் வர வேண்டுமே.

எங்கள் ஊரில் வாசலில் பந்தல் விழுந்தால் ஒன்று கல்யாணம், இல்லை சாவு விழுந்த துட்டி. டீக்கடைக்காரர் முதலில் விசாரித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கடைக்குள் இருந்தவர்களைப் பார்த்து, “கேட்டீரா வே, காருக்கு வளைகாப்பாம்” என்றார். அன்று முழுவதும் தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது.

ஆறுமுகநேரியில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கும் செய்தி போயிருக்கிறது, பந்தல் போட்டிருக்கிறது என்பது மட்டும். மறுநாள் போன் போட்டுப் பார்த்திருக்கிறாள். நான் உப்பளத்தில் இருந்ததால் எடுக்கவில்லை. சாயங்காலம் ஆட்டோவில் மாலையோடு, சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து இறங்கினாள். நான் பந்தலுக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏலே, நீ இருக்கியா?” என்றாள்.

இருக்கிறேன் என்றேன்.

“பின்ன எதுக்குலே பந்தல்?”

சொன்னேன். அக்கா மாலையைப் பந்தல் காலில் மாட்டிவிட்டு, “அந்தக் காருக்கே கிடக்கட்டும்” என்று சொல்லி உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள்.

பந்தல் போட்டாயிற்று என்று சொல்லி அனுப்பியதும், ஞாயிற்றுக்கிழமை மருமகன் மகளைக் கொண்டுவந்து விட்டார். காய்ந்த மாலை அப்படியே தொங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. காரைப் பந்தலுக்குள் நிறுத்தினார். ஓலைக்குக் கீழே, முழு நிழலில் நின்றுகொண்டு, வெள்ளி அட்டையை எடுத்து விரித்தார். வலையை நக்கி ஒட்டினார். பூத்துண்டைப் போர்த்தினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கத்திரி வெயிலில் உள்ளே பகலில் யாராலும் படுக்க முடியாது. அவர் போன மறுநாள், என் மனைவி கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலுக்குள் போட்டாள். அதன் பிறகு பகல் எல்லாம் மகள் அங்கேதான் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கார் வந்து ஹாரன் அடித்தது. மகள் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேல் வளையல் கை. கடல்காற்று எழுந்திருந்த நேரம். மருமகன் இறங்கி வந்து கட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“மாமா, கட்டிலக் கொஞ்சம் எடுத்துருங்களேன். வண்டி ரொம்பச் சூடாயிரும்.”

பழக்கதோஷம், நான் எழுந்துபோய்க் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துவிட்டேன். மகளின் கழுத்தில் அப்போதுதான் வேர்வை காய ஆரம்பித்திருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

“புள்ள இப்பதான் கண்ணசந்திருக்கா. வண்டி வெயில்ல நிக்கட்டும், மாப்பிள்ள.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் காரைத் தெருவோரம் நிறுத்தினார். ஒவ்வொரு ரப்பர் மூக்காக நக்கி ஒட்டினார். இந்த முறை நான் திரும்பிக்கொள்ளவில்லை, நின்று முழுவதையும் பார்த்தேன். தூங்குகிறவள் பக்கம் அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சாப்பிடும்போது மூன்று தடவை எழுந்துபோய்க் காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்கடுத்த வாரம் அவர் பஸ்ஸில் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் கருத்திருந்தது. கார் எங்கே என்று நான் கேட்கவில்லை. என் மனைவிதான் கேட்டாள். வீட்டில் நிழலில் நிற்கிறது என்றார்.

மகள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்தார். பந்தல் நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்.

எழுதி முடித்தது: கத்திரி கழிந்த மறுநாள், வைகாசி பதினைந்து.