தண்ணீர் டப்பை எடுக்க மாட்டேன்

நான் யூ.கே.ஜி. டீச்சர். வீடு ஸ்ரீரங்கத்தில், ஸ்கூல் எடமலைப்பட்டி புதூரில். அந்த வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை ஸ்கூல் திறந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். எழுதச் சொன்னால் பென்சிலைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்ப்பாள்.

தீபாவளி லீவு முடிந்து வந்த வாரம், ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி வகுப்பு நடுவில் வைத்தேன். எது மிதக்கும், எது முழுகும், நீங்களே போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அப்போது பேசாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். விடையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கும். கல், பாட்டில் மூடி, ரப்பர், ஒருத்தனின் ஷூ எல்லாம் உள்ளே போயின. அந்தப் பெண் டிபன் பையிலிருந்து கமலா ஆரஞ்சை எடுத்துப் போட்டாள். மிதந்தது. அதை உரித்துத் திரும்பப் போட்டாள். அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"தோலுக்குத்தான் மிஸ் நீச்சல் தெரியும்" என்றாள்.

ஸ்கூலில் அவள் பேசிய முதல் வாக்கியம். சரி என்றோ தப்பு என்றோ நான் சொல்லவில்லை. "அப்படியா? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்றேன். தோலை மட்டும் தனியாகப் போட்டுப் பார்க்க வகுப்பே முண்டியடித்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்கூலை நடத்துகிற கரஸ்பாண்டென்ட் வந்தார். தரையெல்லாம் தண்ணீர்.

"என்னம்மா இது? நோட்ல ஒரு பக்கம்கூட எழுதல. நாளையிலேருந்து இந்த டப் இங்க இருக்கக் கூடாது."

"இருக்கும் சார்" என்றேன்.

மறுநாள் டப்பை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் வீட்டில் துணி ஊற வைக்கிற பேசினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "காவேரியத் தாண்டித்தானே போறீங்க, அள்ளிட்டுப் போகப் போறீங்களா?" என்று கண்டக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் பேசினை விடவில்லை.

பேரண்ட்ஸ் மீட்டிங்கில் அந்தப் பெண்ணின் அப்பா எழுந்தார். "பக்கத்து வீட்டுப் புள்ள நூறு வரைக்கும் எழுதுது. எம்பொண்ணு வாளியில கத்திரிக்காயப் போட்டுட்டு உக்காந்திருக்கா."

"மிதந்துச்சுங்களா?"

"மிதந்துச்சு. ஏன்னு என்னையக் கேக்குறா. எனக்கென்ன தெரியும்?"

"அந்தக் கேள்விக்காகத்தான் சார் நான் இங்க வேலை பாக்குறேன். கை உறுதியானா எழுத்து தானா வந்துடும். கேக்குறத இப்ப அடக்கிட்டா, அப்புறம் வராது."

அவள் அம்மா மெதுவாகச் சொன்னார்: "வீட்டுல நல்லாத்தான் பேசுவா. இங்க பேசலன்னு போன மாசம் ஒருத்தங்க ஊமைன்னே சொல்லிட்டாங்க. இப்பப் பேசுறாளாமே."

அப்பா சமாதானமாகவில்லை. வருஷம் முடிந்ததும் மன்னார்புரம் பக்கம் வேறு ஸ்கூலில் சேர்த்துவிட்டார். எனக்கு வலித்தது. ஸ்கூலில் எனக்கு மெமோவும் கொடுத்தார்கள். குழந்தைகளின் நேரத்தை வீணாக்கியதாக ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. நானும் மாறவில்லை. இப்போது என் வகுப்புக் குழந்தைகள் எழுதுகிறார்கள், ஆனால் கை தயாரான பிறகு.

இந்த வருஷம் அட்மிஷன் பேனரில் 'விளையாட்டு வழிக் கல்வி' என்று போடப் போகிறார்களாம். அதற்குப் படம் வேண்டுமென்று என் வகுப்புக்கே போட்டோகிராபரைக் கூட்டி வந்தார் கரஸ்பாண்டென்ட். குழந்தைகள் சுவரோரம் எறும்பு வரிசையின் குறுக்கே ஒரு பிஸ்கட் துண்டை வைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரையும் வரிசையா உக்கார வைங்கம்மா. சிரிக்கச் சொல்லுங்க" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"உக்கார மாட்டாங்க சார். வேலையா இருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் போட்டோகிராபரும் தரையில் படுத்துத்தான் படம் எடுத்தார்.